சதுர அடிக்கு எவ்வளவு?

 

வீடு கட்டத் தொடங்கிய எவரும் நாளொன்றுக்குப் பத்து முறையேனும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சுவருக்கு என்ன, பூச்சுக்கு என்ன, தரைக்கு என்ன என்று எங்கு தொடங்கினாலும் பேச்சு, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதில்தான் வந்து முடியும். கேட்டவருக்கு ஒரு தொகை சொல்லப்படுகிறது. அவர் இன்னொருவரிடம் விசாரிக்கிறார். தொகை வேறாக இருக்கிறது. மூன்றாமவர் சொல்வது முதலாமவர் சொன்னதில் பாதி. குறைத்துச் சொன்னவரிடம் வேலை ஒப்படைக்கப்படுகிறது. பாதி வேலையில் அவர் கூடுதல் பணம் கேட்கிறார். "பேசிய பேச்சு என்ன?" என்கிறார் வீட்டுக்காரர். "இதெல்லாம் நீங்கள் சொல்லவே இல்லையே!" என்கிறார் மேஸ்திரி. இருவருமே பொய்யர் அல்லர். பேசவேண்டியவற்றைப் பேசாமல் விட்டதே இருவருக்கும் இடையில் பகையாகி நிற்கிறது. இத்தகைய வழக்குகள் ஜமாஅத் வரை வருவதையும், நேற்றுவரை ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் ஸலாம் சொல்லாமல் முகம் திருப்பிச் செல்வதையும் நாம் காண்கிறோம்.

மார்க்கம் பேசவேண்டிய பக்கத்தில் சிமெண்டும் ஜல்லியும் எதற்கு என்று சிலர் கருதக்கூடும். நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டிப் பாருங்கள். தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகிய பாடங்கள் முடிந்தபின் கொடுக்கல் வாங்கல் என்னும் பெரும்பகுதி வருகிறது. அதில் கூலிக்கு அமர்த்துதல் பற்றிய பாடம் தனியே உண்டு. செய்யவேண்டிய வேலையும் கொடுக்கவேண்டிய கூலியும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஹனஃபி மத்ஹபின் நூல்களில் 'இஸ்திஸ்னாஃ' என்றொரு பாடமும் உண்டு. பொருளும் உழைப்பும் செய்பவருடையதாக இருக்க, "இன்னதை இன்னவாறு செய்து தருக" என்று ஒப்பந்தம் செய்துகொள்வது அது. செய்யப்படும் பொருளின் இனம், வகை, அளவு, தன்மை ஆகிய அனைத்தும் சொல்லப்பட வேண்டும் என்று சட்டமேதைகள் நிபந்தனை விதித்தனர். தச்சரையும் கொல்லரையும் மனத்தில் வைத்து அவர்கள் வகுத்த விதி, இன்றைய தரைவேலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் வேலையைத் தெளிவாகச் சொல்வதற்கு வேலையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டுமன்றோ? கணவர் வளைகுடா நாட்டில் இருக்க, கட்டட வேலையை முன்னின்று கவனிக்கும் பொறுப்பு நம் சகோதரிகள் பலர் தலையில் விழுகிறது. அவர்களுக்கும் பயன்படட்டும் என்று, இப்போது பலராலும் விரும்பப்படும் பாலிஷ் செய்த கான்கிரீட் தரையை எடுத்துக்கொண்டு, அதன் செலவு எவற்றால் ஏறுகிறது, எவற்றால் இறங்குகிறது என்பதை இம்மாதம் பார்ப்போம். விலைப்பட்டியலை இங்கே தேடாதீர்கள். விலை ஊருக்கு ஊர், மாதத்திற்கு மாதம் மாறுவது. விலையை நிர்ணயிக்கும் காரணங்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

பழைய குடும்பத்தின் புதிய பிள்ளை

பாலிஷ் கான்கிரீட் என்பது முற்றிலும் புதிய பொருளன்று. நம் பாட்டன்மார் வீடுகளில் குளிர்ச்சி தந்த சிவப்புக் காவித் தரையை நினைத்துப் பாருங்கள். சிமெண்டுடன் காவி கலந்து, கொத்தனார் மணிக்கணக்கில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தரை அது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க ஆண்டுக்காண்டு மெருகேறியது. அதன்பின் மொசைக் வந்தது. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகியபின் இயந்திரத்தால் அரைத்துச் சில்லுகளை வெளிக்கொணர்ந்தார்கள். பாலிஷ் கான்கிரீட்டில் தனியாக மேற்பரப்பு எதுவும் ஒட்டப்படுவதில்லை. தாங்கி நிற்கும் தளத்தையே வைரத்துகள் பதித்த வில்லைகளால் படிப்படியாக அரைத்து, மெருகேற்றித் தரையாக்கிவிடுகிறார்கள்.

இதைக் கேட்டவுடன், "டைல்ஸ் வாங்கும் செலவு மிச்சம், எனவே இது மலிவுதான்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். டைல்ஸ் பதிப்பதாயின், அடியிலுள்ள தளம் சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் கலவையால் சரிசெய்து மூடிவிடலாம். இதில் மூடுவதற்கு எதுவும் இல்லை. தளமே முகம். அந்த முகத்தில் வரும் ஒவ்வொரு வடுவும் வெளியே தெரியும். ஆகவே, டைல்ஸில் மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதி தளத்தின் தரத்திற்குச் சென்றே தீரவேண்டும். இதை அறியாமல் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்பவரும் கொடுப்பவரும் பின்னர் வருந்துகின்றனர்.

மண்ணுக்குள் போகும் பணம்

பேஸ்மட்டத்திற்குள் கொட்டும் சரளை மண்ணை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு மேலே தளம் போடுவோர் உண்டு. அரையடி உயரத்திற்கு ஓர் அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையாலோ இயந்திரத்தாலோ இடித்து இறுக்கி, அதன்பின்னரே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். இதற்கு ஆளும் நாளும் செலவாகும். செய்யாவிட்டால் ஓரிரு மழைக்காலங்களுக்குப் பின் மண் அமுங்கும். மேலுள்ள தளம் விரியும். டைல்ஸ் பதித்த தரையாயின் விரிந்த கல்லைப் பெயர்த்து மாற்றலாம். பாலிஷ் கான்கிரீட்டில் விரிசலை நிரப்பலாமே தவிர மறைக்க முடியாது.

இடித்த மண்ணின் மேல் நான்கு அங்குல உயரத்திற்கு 1:4:8 விகிதக் கலவை போடுவது வழக்கம். அதன் மேல், ஈரம் ஏறாதிருக்கப் பாலித்தீன் தாள் விரித்து, மெருகேற்றவேண்டிய கான்கிரீட்டைப் போடுகிறார்கள். பாலித்தீன் தாளின் விலை அற்பமானதே. கடலோர ஊர்களில் அது இல்லாமற்போனால் தரையின் மேல் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்து நிற்கும்.

மட்டம் பார்க்கும் வேலையிலும் பணம் ஒளிந்திருக்கிறது. 1,000 சதுர அடித் தளத்தை நான்கு அங்குல உயரத்திற்குப் போட 333 கன அடி, அதாவது ஏறத்தாழ 9.4 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எம்.20 வகைக் கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை சிமெண்ட் என்று கொண்டால், 75 மூட்டை. அடித்தளம் மட்டமின்றி, சராசரியாக ஓர் அங்குலம் பள்ளமாகிவிட்டது என்று வையுங்கள். கான்கிரீட் 417 கன அடியாகும். சிமெண்ட் 94 மூட்டையாகும். 19 மூட்டை சிமெண்டும் அதற்குரிய மணலும் ஜல்லியும், எவர் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் போய்விடுகின்றன. அந்த ஓர் அங்குலம் எவர் கணக்கில் சேர்வது? வீட்டுக்காரர் கணக்கிலா, மேஸ்திரி கணக்கிலா? பெரும்பாலான சண்டைகள் இந்த ஓர் அங்குலத்தில்தான் பிறக்கின்றன.

கலவையின் தரம்

எம்.20, எம்.25 என்று பொறியாளர் சொல்வதில் உள்ள எண், 28 நாள் கழித்து அக்கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்பதைக் குறிப்பது. மெருகேற்றும் தரைக்கு எம்.25 அல்லது அதற்கு மேல் இருத்தல் நல்லது. வலுவற்ற கான்கிரீட்டை அரைத்தால் பொடி உதிருமே தவிர மினுமினுப்பு ஏறாது. எண் கூடினால் சிமெண்டும் கூடும்; விலையும் கூடும்.

சிமெண்டின் விலையில் வரிக்கும் பெரும் பங்குண்டு. 2017 ஜூலை முதல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்களிடம் வேலை கொடுப்போர், சொல்லப்படும் தொகை வரி உட்பட்டதா, வரி நீங்கலாகவா என்பதை முதற்கேள்வியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீரையும் விலைப்பொருளாகவே எண்ணுங்கள். கம்பி வைத்துப் போடும் கான்கிரீட்டிற்கான நீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது; கம்பி இல்லாத கான்கிரீட்டிற்கு 2,000 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு என்று 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் 456 கூறுகிறது. கிணற்று நீர் உவர்க்கும் கடற்கரை ஊர்களில் நல்ல நீரை லாரியில் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஒப்பந்தத்தில் உள்ளதா?

வெண்மை நிறத் தரை வேண்டுவோர் வெள்ளைச் சிமெண்ட் கேட்பர். அதன் விலை சாதாரணச் சிமெண்டைவிடப் பலமடங்கு. நிறப்பொடி, கலர் ஜல்லி, சலவைக்கல் சில்லு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு. சாம்பல் நிறமே போதும் என்பவருக்கு இவை யாவும் மிச்சம்.

நாட்களுக்கும் விலை உண்டு

கான்கிரீட் காய்வதால் இறுகுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் சிமெண்ட் நீருடன் சேர்ந்து வேதிமாற்றம் அடைவதாலேயே இறுகுகிறது. நீர் வற்றினால் அம்மாற்றம் நின்றுவிடும். சாதாரணச் சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்களும், வெயில் கொளுத்தும் காலமாயின் 10 நாட்களும் தளம் ஈரமாகவே இருத்தல் வேண்டும். கலப்புச் சிமெண்டிற்கு 10 நாட்கள். கடும் வெயிலில் 14 நாட்கள். பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும், நனைந்த சாக்கு விரிப்பதும் பெரிய செலவல்ல. ஆனால் அதற்கென ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். எவரும் பொறுப்பேற்காத வேலை நடப்பதில்லை.

நான்கு அங்குலத் தளமாயின் எட்டு முதல் பத்து அடிக்கு ஒன்றாக, முதல் நாளிலேயே வெட்டு இடவேண்டும். கான்கிரீட் சுருங்குவது இயல்பு. நாம் வெட்டிய கோட்டில் அது விரிந்தால் அழகு. அதுவே தேடிக்கொண்ட வழியில் விரிந்தால் கோளாறு.

அரைவை வேலை, தளம் போட்டு 28 நாட்கள் கழிந்தபின் தொடங்குவதே நன்று. இங்குதான் நம் குடும்பங்களின் அவசரம் குறுக்கிடுகிறது. "நிக்காஹ் தேதி குறித்தாகிவிட்டது, அதற்குள் முடித்துத் தாருங்கள்" என்கிறோம். இறுகாத தளத்தை அரைத்தால் மணலும் ஜல்லியும் பெயர்ந்து குழிகள் விழுகின்றன. குழிகளை நிரப்பவும் மறுபடி அரைக்கவும் ஆகும் செலவு, தேதியைக் குறிக்கும்போது நம் நினைவுக்கு வருவதில்லை. தேதி குறிக்கும் பெரியவர்கள் ஒரு முறை மேஸ்திரியிடமும் கலந்துகொண்டால் தரை தப்பிக்கும்.

அரைவையின் படிகள்

முதலில் பெருமணல் போன்ற சொரசொரப்பான வைர வில்லைகளால், அதாவது 30, 40 நம்பர்களால் அரைக்கிறார்கள். பிறகு 80, 150, அதன்பின் 200, 400, 800 என்று நம்பர் ஏற ஏறச் சொரசொரப்புக் குறைந்து மெருகு கூடுகிறது. கண்ணாடிபோல் வேண்டுமென்போர் 1,500, 3,000 வரை செல்கின்றனர். ஒவ்வொரு நம்பரும் தரை முழுவதையும் இயந்திரம் ஒரு சுற்று சுற்றிவருவதாகும். எத்தனை சுற்றோ அத்தனை கூலி, அத்தனை மின்சாரம், அத்தனை வில்லைத் தேய்மானம். "பாலிஷ் செய்து தருகிறேன்" என்று ஒருவர் 400 நம்பரை நினைத்துச் சொல்கிறார். வீட்டுக்காரர் 3,000 நம்பரை நினைத்துத் தலையசைக்கிறார். சொல் ஒன்று, பொருள் இரண்டு.

எவ்வளவு ஆழம் அரைப்பது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். மேற்பரப்பின் சிமெண்ட் படலத்தை மட்டும் மெருகேற்றினால் செலவு குறைவு. மணல் தெரியும்வரை அரைத்தால் நடுத்தரம். ஜல்லி முழுமையாக வெளித்தெரிய அரைப்பதானால் இன்னும் பல மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும், செலவு மிகும். அத்துடன், ஜல்லி அழகாகத் தெரியவேண்டுமாயின் அதனைப் பொறுக்கி வாங்கியிருக்கவும் வேண்டும்.

இடையில் ஒரு முறை, சோடியம் அல்லது லித்தியம் சிலிக்கேட் கரைசலைத் தரைக்கு ஊட்டுவர். கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் அது சேர்ந்து மேற்பரப்பைக் கடினமாக்கும். இறுதியில் கறை ஏறாதிருக்க ஒரு பூச்சு. இவ்விரண்டையும் விட்டுவிட்டு விலையைக் குறைப்பது எளிது. ஆறே மாதத்தில் மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் உண்மையைச் சொல்லிவிடும். புளியும் எலுமிச்சையும் அமிலம் என்பதால், சிந்தியவுடன் துடைக்காவிட்டால் மெருகை அரித்துவிடும். இது எவ்வளவு நல்ல பூச்சுக்கும் பொருந்தும். எனவே சமையலறைக்கு மட்டும் வேறு தரை போட எண்ணும் இல்லத்தரசியின் யோசனையை, வீட்டின் ஆண்கள் எளிதாகத் தள்ளிவிடக்கூடாது.

சிறிய அறையும் பெரிய கூடமும்

2,000 சதுர அடிக் கூடத்திற்குச் சொல்லப்பட்ட விலையை, 100 சதுர அடி அறைக்கும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. இயந்திரத்தை வண்டியில் ஏற்றி வருவதும், மும்முனை மின்சாரமோ ஜெனரேட்டரோ ஏற்பாடு செய்வதும் இரண்டிற்கும் ஒரே செலவு. பெரிய கூடத்தில் அது பரவிக் குறைகிறது. சிறிய அறையில் குவிகிறது. மேலும், பெரிய இயந்திரம் சுவரோரத்தைத் தொடாது. மூலைகளையும் ஓரங்களையும் படிகளையும் கையிலேந்தும் சிறு இயந்திரத்தால் குனிந்தமர்ந்து அரைக்க வேண்டும். அறைகள் மிகுந்த வீட்டில் ஓரங்களும் மிகும். ஸ்கர்டிங் எனப்படும் சுவரடிப் பட்டை, சதுர அடியிலா, நீள அடியிலா அளக்கப்படும் என்பதையும் பேசிவிட வேண்டும்.

பழைய வீட்டின் தரையை மெருகேற்ற விரும்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய டைல்ஸைப் பெயர்ப்பதும், ஒட்டியிருக்கும் கலவையைச் சுரண்டுவதும், விரிசல்களை அடைப்பதும் தனி வேலை. ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியும் என்பதை முன்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அளக்கும்போது இரு தரப்பாரும் உடனிருங்கள். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் அருளப்பட்டிருக்கிறது. தூண் நின்ற இடத்தைத் தரையோடு சேர்த்து அளப்பதும் மோசமே. அரைத்த படிக்கட்டை அளவில் சேர்க்காமல் விடுவதும் மோசமே.

உழைப்பவரின் நெஞ்சு

விலையைக் குறைக்க முற்படும்போது நாம் சற்றும் எண்ணிப்பாராத ஒன்று இருக்கிறது. கான்கிரீட்டை உலர்வாக அரைக்கும்போது எழும் தூசியில் சிலிகா எனும் நுண்துகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அத்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று தங்கிவிடும். ஆண்டுகள் பல கழித்துச் சிலிகோசிஸ் என்னும் நோயாக அது தலையெடுக்கிறது. பாழான நுரையீரலை மீண்டும் பழையபடி ஆக்கும் மருத்துவம் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்திருக்கிறது.

இதைத் தடுக்க இரு வழிகள் உள்ளன. நீர் விட்டு அரைத்தல் ஒன்று. தூசியை அவ்வப்போதே உறிஞ்சும் இயந்திரத்தைப் பொருத்தி அரைத்தல் மற்றொன்று. இவற்றுடன் நல்ல முகக்கவசமும் வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு இத்தூசியைத் தடுக்காது. உறிஞ்சும் இயந்திரத்திற்கு வாடகை உண்டு. நீர் விட்டு அரைத்தால் வரும் சேற்றை அள்ளி அப்புறப்படுத்தக் கூலி உண்டு. அச்சேற்றைத் தெருச் சாக்கடையில் விட்டால் அங்கே இறுகி அடைத்துக்கொள்ளும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்த குற்றம் நம்மைச் சேரும்.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவரது கூலியைக் கொடுத்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் என்பதை மேடைதோறும் கேட்கிறோம். கூலியை உடனே கொடுத்துவிட்டு, அவர் நெஞ்சில் நோயையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினால் அக்கட்டளையின் கருத்து நிறைவேறுமா? மிகக் குறைந்த தொகை சொல்பவரிடம், "தூசிக்கு என்ன ஏற்பாடு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவரது விலை எப்படிக் குறைந்தது என்பது விளங்கிவிடும்.

மினுமினுப்பின் எல்லை

மக்காவில் கஅபாவைச் சுற்றியுள்ள மதாஃபில் கிரேக்க நாட்டுத் தாசோஸ் தீவின் வெண்சலவைக்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. கொளுத்தும் வெயிலிலும் தவாஃப் செய்வோரின் வெறுங்கால்களைச் சுடாமல் காக்கிறது அக்கல். அங்கே செலவுக்கு ஒரு தேவை இருக்கிறது. மறுபுறம், மதீனாப் பள்ளியின் தொடக்ககாலத் தரை வெறும் மண்ணாக இருந்தது. ரமளான் மாதத்து இரவொன்றில் பேரீச்ச ஓலைக் கூரை மழையில் ஒழுக, ஈர மண்ணில் ஸஜ்தா செய்த பெருமானார் (ஸல்) அவர்களின் திருநெற்றியில் அதன் அடையாளம் தெரிந்ததை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அத்தரையின் மீது நின்றவர்களே உலகின் போக்கை மாற்றினார்கள். தேவைக்கேற்ற தரை போடுவதில் குறையில்லை. தரையால் மனிதரின் மதிப்பு கூடுவதும் இல்லை.

வீட்டுத் தரைக்கு 800 நம்பர் மெருகு தாராளமாகப் போதும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியும் பார்ப்பவரின் வியப்புக்காகவே. மிகு மினுமினுப்புத் தரையில் சிறிது நீர் சிந்தினாலும் முதியோர் வழுக்கி விழும் ஆபத்தும் உண்டு. குளியலறையிலும், பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்திலும் மெருகேற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும். வக்ஃபுப் பணத்தைச் செலவிடும் நிர்வாகிகள் இதனை இரட்டிப்பாக எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அது அவர்களிடமுள்ள அமானிதம்.

மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கமுள்ள நம் கடலோர ஊர்களில் இன்னொன்றையும் காண்கிறோம். சம்பந்தி வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக, சிமெண்ட் தரையோடு நிற்க வேண்டிய தந்தை, கண்ணாடித் தரைக்குப் போகிறார். கையிருப்பு தீர்ந்தபின் நகை அடகுக்குப் போகிறது. வட்டி வீட்டுக்குள் வருகிறது. விருந்தினர் ஒரு நாழிகை பார்த்துவிட்டுச் செல்லும் மினுமினுப்புக்கு, அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுகிறார். பெண் வீட்டாரிடம், "இருப்பது போதும், கடன்பட வேண்டாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் முன்வந்து சொல்லும் ஒரு சொல், பல இலட்சங்களை மிச்சப்படுத்தும். அதில்தான் பரக்கத்தும் இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதுவென்று மத்ரஸா மாணவரைக் கேட்டுப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்பார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது அது. "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று பெருந்தன்மை பேசுவோர், அல்லாஹ் இவ்வளவு விரிவாக இதனைச் சொன்னதன் ஹிக்மத்தை எண்ணிப்பார்க்கட்டும். எழுத்து நம்பிக்கையின்மையின் அடையாளமன்று. நட்புக்கு அது வேலி.

எனவே, தரை வேலை தொடங்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இவற்றை எழுதுங்கள்:

மண் நிரப்பி இடிக்கும் வேலை எவருடையது?
கான்கிரீட் எந்த வகை, எத்தனை அங்குலம்? அடித்தளத்தின் பள்ளத்தால் கூடுதலானால் எவர் பொறுப்பு?
நீர், மின்சாரம், வண்டி வாடகை எவருடையவை?
எத்தனை நாட்கள் ஈரம் காக்கப்படும்? அதைக் கவனிப்பவர் யார்?
எவ்வளவு ஆழம் அரைப்பது? எந்த நம்பர் வரை மெருகு?
சிலிக்கேட் கரைசலும் இறுதிப் பூச்சும் உண்டா?
ஓரம், படி, ஸ்கர்டிங் எவ்வாறு அளக்கப்படும்?
தூசிக்கும் சேற்றுக்கும் என்ன ஏற்பாடு?
வரி உட்பட்டதா? எந்த வேலை முடிந்ததும் எவ்வளவு பணம்?

ஒரு மூலையில் நான்கடிக்கு நான்கடி மாதிரி அரைத்துக் காட்டச் சொல்லுங்கள். இருவரும் பார்த்து, "இதுவே போதும்" என்று ஒப்புக்கொண்டபின் மற்றதைத் தொடங்கலாம். மாதிரிக்குரிய கூலியையும் கொடுத்துவிடுங்கள். இடையில் நம் விருப்பம் மாறினால், மாறிய வேலைக்குரிய கூலி நம்மைச் சேர்ந்தது. அதை மேஸ்திரியின் தலையில் கட்டுவது அநீதி.

இத்தனையும் எழுதிய பிறகு, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். அப்போதுதான் அது முழுமையான கேள்வியாகும். மூவர் சொல்லும் மூன்று விலைகளையும் அப்போதுதான் ஒப்பிட இயலும். வேலை முடிந்து அவர் கூலி பெற்றுச் செல்கையில், கொடுத்தவர் மனமும் வாங்கியவர் மனமும் நிறைந்திருக்கும். எந்த மனிதரின் உரிமையும் பறிக்கப்படாத தரையின் மீது தொழுகை விரிப்பை விரிப்பதில் உள்ள நிம்மதியை, எந்த நம்பர் மெருகும் தந்துவிடாது.

நம் இல்லங்களை ஹலாலான பொருளால் எழும்பியவையாகவும், எவருடைய மனக்குறையும் ஒட்டாதவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.